திருத்தம் கேட்கப் போய் வாங்கி வந்த மன்னிப்பு

தப்பே செய்யாத ஒரு மனிதருக்கு அரசாங்க முத்திரையுடன் மன்னிப்பு வாங்கிக் கொடுத்தவன் நான். அவர் அதைக் கேட்கவில்லை. வேண்டாம் என்று இரண்டு தடவை தெளிவாகச் சொல்லியும் இருந்தார். இருபத்தாறு வருடமாகப் பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பிக்கிறேன். ஆட்களைச் சிரிக்க வைப்பதாக நினைத்துக்கொண்டு வாரப் பத்திரிகையொன்றில் பத்தி எழுதுகிறேன். வீட்டில் இரண்டு அலுமாரி நிறையப் புத்தகம் இருக்கிறது. இவ்வளவும் சேர்ந்துதான் அந்தக் காரியத்தைச் செய்தன. நான் கையெழுத்துக்குப் பதில் பெருவிரல் வைக்கிற ஆளாக இருந்திருந்தால் அவருக்கு ஒரு கெடுதலும் வந்திருக்காது.

அவர், பேராதனை வீதியில் நான் சனிக்கிழமைகளில் வகுப்பெடுக்கும் தனியார் கல்வி நிலையத்தின் வாசற்காவலர். புசல்லாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, இப்போது மனைவியோடு ஹந்தானையில் இருப்பவர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், ஆகவே எனக்கு அண்ணன்; நான் அவருக்கு சேர். முன்பு இராணுவத்தில் சமையற்காரராக இருந்தார். சமைத்தவர் என்றாலும் கேட்டருகே அவர் நிற்கிற நிற்பைப் பார்த்தால் சண்டையை அவர்தான் நடத்தினார் என்று தோன்றும். பிந்தி வருகிற பிள்ளைகள் கல்வி நிலைய அதிபருக்குப் பயப்படுவதில்லை. இவர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதற்குத்தான் பயப்படுவார்கள். நானும்தான்.

ஒரு சனிக்கிழமை வகுப்பு முடிந்து கிளம்பும்போது என்னைத் தன் காவற்கூண்டுக்குள் கூப்பிட்டு, அங்கிருந்த ஒரே கதிரையில் உட்கார வைத்துவிட்டுத் தான் நின்றார்.

"சேர், ஒரு கடிதம் எழுதணும். நீங்க பேப்பர்ல எழுதுறவங்க."

விஷயம் இதுதான். அவருடைய இராணுவ ஒப்பந்தம் பன்னிரண்டு வருடத்துக்கு. அது முடிய இரண்டு மாதம் இருக்கையில் லீவில் வீட்டுக்கு வந்தவருக்கு மஞ்சட்காமாலை கண்டது. பேராதனை ஆஸ்பத்திரியில் நாற்பத்தொரு நாள். மனைவி முகாமுக்குத் தந்தி அடித்தார். அதற்குள் அவருடைய பிரிவு வடக்கே எங்கோ நகர்ந்துவிட்டது. தந்தி காலியான முகாமுக்குப் போனது. ஆஸ்பத்திரியில் டிக்கட் வெட்டி வீட்டுக்கு அனுப்பியதும் இவர் நேரே அந்த முகாமுக்கே போனார். காவலுக்கு விடப்பட்டிருந்த ஒருவர் ஆஸ்பத்திரி அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு, வீட்டுக்குப் போ, கடிதம் வரும் என்றார். கடிதம் வரவில்லை. ஒப்பந்தக் காலமும் முடிந்துபோனதால் இவரும் மரக்கறிக் கடை, ஹோட்டல் சமையல் என்று பிழைப்பைப் பார்க்கப் போய்விட்டார். பல வருடம் கழித்து, விடுவிப்புச் சான்றிதழ் கேட்டபோதுதான் தன் கோப்பின் கடைசி வரியில் என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்குத் தெரிந்தது: அனுமதியின்றிப் படையை விட்டு ஓடியவர்.

அந்த வரியோடு அவர் எப்படியோ வாழ்ந்துகொண்டிருந்தார். இப்போது கல்வி நிலையத்தின் காவல் வேலை ஒரு புதிய கம்பெனியின் கைக்குப் போயிருந்தது. ஆறு மாதத்துக்குள் விடுவிப்புச் சான்றிதழைக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆள் போடுவோம் என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள்.

"கம்பெனிக்காரன் என்னா சொல்றான்னா, ஓடினவங்களுக்குப் பொது மன்னிப்புக் குடுக்கிறாங்கல்ல, அதுல போய் எழுதிக் குடு, ஒரே நாள்ல பேப்பர் கையில வந்துரும்ங்கிறான். எனக்கு மன்னிப்பு வேணாம் சேர். அது ஓடினவனுக்கு. நான் ஓடல. கட்டில்ல கெடந்தேன். அந்த ஒரு வரிய மாத்தணும், அவ்ளோதான்."

"புரியுது அண்ணே."

"மன்னிப்புங்கிற பேச்சே வரக்கூடாது."

"வராது."

வந்தது. எப்படி வந்தது என்றால், எங்கள் மலையக ஆட்கள் மனு எழுதுவதற்கு ஒரு முறை வைத்திருக்கிறோம். தலைமுறை தலைமுறையாகத் தோட்டத்துத் துரைமாருக்கு எழுதிக் கைவந்த முறை. குடியிருக்கும் லயத்து வீட்டுக் கூரை ஒழுகுகிறது என்று எழுதினாலும் முடிக்கும்போது, அறிந்தும் அறியாமலும் செய்த பிழைகளைப் பெரிய மனது பண்ணி மன்னித்தருள வேண்டும் என்றுதான் முடிப்போம். ஒழுகுவது துரையின் கூரை. பிழை பொறுக்கச் சொல்பவன் நனைந்தவன். இதைப் பற்றி நானே ஒரு பத்தி எழுதிக் கிண்டல் செய்திருக்கிறேன். ஆனால் பேனா கைக்கு வந்து, மேலே 'கனம் ஐயா அவர்களுக்கு' என்று எழுதினேனோ இல்லையோ, முதுகு தானாக வளைந்துவிட்டது.

ஐந்து பக்கம் எழுதினேன். முதல் பக்கத்தில் மழை பெய்தது. இரண்டாம் பக்கத்தில் அவர் சமைத்த சோற்றை உண்டவர்கள் வரிசையாக வந்து போனார்கள். காமாலை மூன்றாம் பக்கத்தில்தான் தலைகாட்டியது. ஐந்தாம் பக்கத்தில் அந்த வழக்கமான முடிவை, தாயுள்ளம், சிரம் தாழ்த்தல், கருணைக் கடல் எல்லாம் சேர்த்து, ஒரு மூச்சில் படிக்க முடியாத நீளத்தில் எழுதினேன். மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். அவள் போஞ்சிக்காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"ஆஸ்பத்திரில இருந்தாருன்னு எந்தப் பக்கத்தில சொல்றீங்க?"

"நாலாவதுல."

"அது வரைக்கும் யாரு படிப்பா?"

படைப்பைப் பற்றிக் குடும்பத்தாரிடம் கேட்பது வீண் என்று எண்ணிக்கொண்டு காகிதங்களை உறையில் போட்டேன்.

அடுத்த சனிக்கிழமை காவற்கூண்டில் வைத்து அவருக்கு வாசித்தேன். நிமிர்ந்து நின்றபடி கேட்டார். நாலாம் பக்கம் முடிந்தபோது வகுப்பு மணி அடித்தது. கடைசிப் பக்கம் வழக்கமான முடிவுதான் அண்ணே என்று சொல்லிப் பேனாவை நீட்டினேன்.

"நல்லா இருக்கு சேர். கொஞ்சம் மசாலா கூடின மாதிரி ஒரு வாசம் வருது. சரி, படிச்சவங்க, ஒங்களுக்குத் தெரியும்."

கையெழுத்துப் போட்டார். அவர் சொன்ன அந்தக் கடைசி வாக்கியத்தை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது.

இரண்டு மாதத்தில் இராணுவத்திலிருந்து பதில் வந்துவிட்டது. நம்முடைய நாட்டில் ஒரு மனுவுக்கு இரண்டு மாதத்தில் பதில் வந்தால் எங்கோ ஏதோ பிழை நடந்திருக்கிறது என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். சிங்களத்தில் எழுதிய கடிதம். கூடவே, என் ஐந்து பக்கத்தை அவர்களுடைய மொழிபெயர்ப்பாளர் சுருக்கித் தந்ததன் பிரதியையும் இணைத்திருந்தார்கள். சுருக்கம் ஒரே வரி: மனுதாரர் மன்னிப்புக் கோருகிறார். அந்த மொழிபெயர்ப்பாளரை நான் குறை சொல்ல மாட்டேன். அவ்வளவு சரியான விமர்சனம் என் எழுத்துக்கு அதுவரை கிடைத்ததில்லை.

கடிதம் சொன்னது: உங்கள் கோரிக்கை அனுதாபத்துடன் கவனிக்கப்பட்டது. நேரில் வந்து, படையை விட்டு ஓடியதை ஒப்புக்கொள்ளும் படிவத்தில் கையெழுத்திட்டால் மன்னிப்பும் சான்றிதழும் அன்றே தரப்படும்.

காவற்கூண்டில் வைத்து அவருக்கு இதையெல்லாம் நான் சொல்லி முடித்தபோது வெளியே ஒரு வேன் ஹோர்ன் அடித்தது. போய்க் கேட்டைத் திறந்து, வேனை உள்ளே விட்டு, கேட்டை மூடிவிட்டு வந்தார்.

"கடைசிப் பக்கத்தில என்னா இருந்திச்சு சேர்?"

சொன்னேன். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். அவரோ உளுத்தம்பருப்பில் கல் பொறுக்குகிறவர் மாதிரி என் முகத்தை நிதானமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வை தாங்காமல் நான் இரண்டாவது முட்டாள்தனத்தைச் செய்தேன்.

"அண்ணே, நடந்தது நடந்துபோச்சு. ஒரு கையெழுத்துத்தானே? போட்டுட்டா வேலை தப்பிச்சிரும். கோப்பை எவன் தொறந்து பாக்கப் போறான்?"

"இவ்ளோ நாளா நான் ஓடினேன்னு அவங்க சொன்னாங்க சேர். இனி நானே சொல்லணுமா?"

"வேலை போனா?"

"ஹோட்டல்ல கொத்துரொட்டி போடுவேன். ஓடினேன்னு மட்டும் எழுதிக் குடுக்க மாட்டேன்."

கம்பெனி சொன்ன ஆறு மாதத்தில் மிச்சம் நாலு மாதம்.

அடுத்த வாரம் பாடசாலைக்கு லீவு போட்டுவிட்டு இருவரும் ஆஸ்பத்திரிப் பதிவேட்டு அறைக்குப் போனோம். அங்கிருந்த பெண் அலுவலர் விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டு, பழைய புத்தகம், தேட வேண்டும், பத்து நாள் கழித்து வாருங்கள் என்றார். பத்து நாள் கழித்துப் போனபோது பெரிய புத்தகமொன்றை மேசையில் விரித்து ஒரு வரியைக் காட்டினார். பெயர், நோய், வந்த திகதி, போன திகதி, கட்டில் இலக்கம் பதினேழு.

"ஜன்னல் ஓரம். மழை வந்தா கால் நனையும்" என்றார் அண்ணன். பிரதியில் முத்திரை விழும் வரை அந்த வரியின் மேலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

புதிய கடிதத்தை அவர் சொல்லச் சொல்ல நான் சிங்களத்தில் எழுதினேன். நான் ஓடவில்லை. இந்தத் திகதியிலிருந்து இந்தத் திகதி வரை ஆஸ்பத்திரியில் இருந்தேன். பதிவின் பிரதி இத்துடன் இருக்கிறது. என் கோப்பின் கடைசி வரியைத் திருத்தவும். அவ்வளவுதான். என் கை சும்மா இருக்கவில்லை.

"'தாழ்மையுடன்'னு ஒரு வார்த்தை மட்டும் போட்டுக்கவா?"

"எதுக்கு சேர்?"

எதற்கென்று எனக்கும் தெரியவில்லை. போடவில்லை.

இந்தத் தடவை விசாரணைக்கு அழைத்தார்கள். மனுதாரர் வர வேண்டும். முதல் மனுவை எழுதிக் கொடுத்தவரும் வர வேண்டும். விடிந்ததும் கண்டியில் தலைநகருக்குப் பஸ் ஏறினோம். அவர் வெள்ளைச் சட்டையை விறைப்பாக மினுக்கிப் போட்டிருந்தார். வழி நெடுக நான் என் தரப்பு நியாயங்களை ஒழுங்குபடுத்திக்கொண்டே போனேன். பாதி வழி வருமுன்பே, கேகாலை தாண்டும்போதே அவை தீர்ந்துவிட்டன.

நீள மேசைக்குப் பின்னால் மூன்று அதிகாரிகள். நடுவில் இருந்தவர் முன்னே இரண்டு கடிதங்களும் கிடந்தன. ஒன்று தடிப்பு, ஒன்று ஒற்றைத் தாள். பேச்சு சிங்களத்தில் நடந்தது.

"உமக்கு நாங்கள் மன்னிப்புக் கொடுத்தாயிற்று. இப்போது வேண்டாம் என்கிறீர். முதலில் ஏன் கேட்டீர்?"

அண்ணன் விறைத்து நின்றார்.

"நான் கேட்கவில்லை சேர். இவர்தான் கேட்டார்."

மூன்று தலைகளும் என் பக்கம் திரும்பின.

"நீங்கள் படையில் இருந்தீர்களா?"

"இல்லை."

"பிறகு என்னத்துக்கு மன்னிப்பு?"

நான் எழுந்து எங்கள் மனு வழக்கத்தை விளக்கினேன். துரை, லயம், கூரை எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் இருந்தவர் கடைசி வரை பொறுமையாகக் கேட்டார்.

"உங்கள் கூரை ஒழுகினால் நீங்கள் மன்னிப்புக் கேட்பீர்களா?"

"ஆமாம்."

"கூரையைத் திருத்திக் கொடுத்தார்களா?"

"பெரும்பாலும் இல்லை."

ஓரத்தில் இருந்த அதிகாரி கோப்பைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். தோள்கள் மட்டும் குலுங்கின. நடுவில் இருந்தவர் சிரிக்கவில்லை. ஒரு வெற்றுத் தாளை என் பக்கம் தள்ளினார். மன்னிப்புக் கேட்டது மனுதாரர் அல்ல, நான்தான்; கடைசிப் பக்கத்தை அவருக்கு வாசித்துக் காட்டாமலே கையெழுத்து வாங்கினேன் என்று என் கைப்பட எழுதிக் கையொப்பமிடச் சொன்னார். எழுதினேன். நான் எழுதியவற்றில் அரசாங்கம் என்றென்றைக்கும் பாதுகாத்து வைக்கப்போகிற ஒரே படைப்பு அதுதான்.

பிறகு அண்ணனை விசாரித்தார்கள். எந்த வார்டு, அட்டையை வாங்கியவர் எப்படி இருந்தார், ஏன் மறுபடி போய்க் கேட்கவில்லை. கடைசிக் கேள்விக்கு அவர் சொன்னது இதுதான்.

"கடிதம் வரும் என்று சொன்னார்கள் சேர். படையில் சொன்னால் நாங்கள் நம்புவோம்."

நடுவில் இருந்தவர் அதைக் குறித்துக்கொண்டார். போகலாம் என்றார்.

கம்பெனி கொடுத்த தவணைக்கு ஒன்பது நாள் இருக்கையில் கடிதம் வந்தது. மூன்று வாக்கியம். முந்தைய பதிவு இரத்துச் செய்யப்பட்டது. மனுதாரர் அக்காலத்தில் நோயுற்று ஆஸ்பத்திரியில் இருந்தார். ஒப்பந்தக் காலத்தை நிறைவு செய்து முறைப்படி விடுவிக்கப்பட்டவராகக் கருதப்படுகிறார். சான்றிதழ் இணைக்கப்பட்டிருந்தது. அதில் 'மன்னிப்பு' எங்கேயும் இல்லை. நான் இரண்டு தடவை தேடிப் பார்த்தேன், அவர் எத்தனை தடவை தேடினார் என்பதற்குக் கணக்கே இல்லை. பிறகு, அந்த நடு வாக்கியத்தை மட்டும் இன்னொருக்கா வாசிங்க சேர் என்றார். வாசித்தேன். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்து, பையின் பொத்தானைப் போட்டுக்கொண்டு கேட்டடிக்குப் போனார். பிந்தி வந்த இரண்டு பிள்ளைகளை அன்றைக்கும் அவர் சும்மா விடவில்லை.

எனக்கு உள்ளூர ஓர் ஆசை இருந்தது. எப்படியும் எழுதியது என் கைதானே. சேர் மட்டும் இல்லாவிட்டால் என்று நாலு பேரிடம் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாரா என்று. சொல்லியிருக்கிறார். இரண்டு சனிக்கிழமை கழித்து, நாற்பது வயது மதிக்கத்தக்க ஒல்லியான ஒருவர், கையில் கோடு போட்ட தாள்களும் பேனாவுமாகக் காவற்கூண்டருகே எனக்காகக் காத்து நின்றார்.

"சேர், எனக்கொரு கடிதம் எழுதித் தரணும். திருத்தம்னா நாலு வரியில நாமளே எழுதிக்கலாமாம், மன்னிப்புக்குத்தான் ஒங்ககிட்ட வரணுமாம், அண்ணன் சொன்னாரு. நான் நெசமாவே ஓடினவன் சேர்."