ஒன்றுமில்லை என்று எழுதியவள்

அவளைக் குருவி என்று கூப்பிட்டவர்கள் உலகத்தில் இரண்டே பேர், அம்மாவும் அக்காவும். அலுவலகத்தில் அவளுக்குக் காதக்கா என்று பெயர். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பக்கத்து நாட்டு வானொலியைக் கேட்பதும், கேட்டதை மொழிபெயர்த்துத் தட்டச்சு செய்து கொடுப்பதும் அவள் வேலை. இருபத்தொன்பது வருடம் அதைத்தான் செய்தாள். சுவருக்கும் காது உண்டு என்பார்களே, அந்தச் சுவரே நாங்கள்தான் என்று அந்தப் பிரிவில் சிரிப்பார்கள்.

எல்லையோர ஊரில் பிறந்ததால் இரண்டு மொழியும் அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. அக்காவுக்கும் அப்படித்தான். அக்கா எல்லைக்கு அந்தப் பக்கத்துப் பள்ளி ஆசிரியர் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டு போனாள். மூன்றாம் வருடம் இரண்டு அரசாங்கங்களும் முறைத்துக்கொண்டன. தூதரகங்களை மூடினார்கள். பாலத்தில் முள்கம்பி போட்டார்கள். தபால் நின்றது, தொலைபேசி நின்றது. அந்த நாடு கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டு, வேறு யாரோடும் ஒட்டாமல் தனியாகக் கிடந்தது.

அதற்கு இரண்டு வருடம் கழித்து அவளுக்கு இந்த வேலை கிடைத்தது. விண்ணப்பத்தின் நாலாம் பக்கத்தில், அந்த நாட்டில் உறவினர் உண்டா என்று ஒரு கேள்வி. உண்டு என்று எழுதினால் வேலை இல்லை. அப்பா போய்ச் சேர்ந்திருந்தார், அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் மடங்காது. அவள் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்? அன்றிலிருந்து அவளுக்கு மடியில் கனம்.

வேலையில் சேர்ந்த ஆறாம் வருடம் அந்த வானொலியில் வெள்ளிக்கிழமைதோறும் மதியம் ஒரு நிகழ்ச்சி தொடங்கினார்கள். பிரிந்துபோன குடும்பத்தாருக்கு நேயர்கள் அனுப்பும் கடிதங்களை அறிவிப்பாளர் வாசிப்பார். பதிலுக்கு நம் வானொலியும் வியாழக்கிழமை அதே மாதிரி அஞ்சலட்டைகளை வாசிக்க ஆரம்பித்தது. அரசாங்கங்கள் பேசிக்கொள்ளாவிட்டாலும் இந்த ஒரு சாளரத்தை இரண்டு பக்கமும் திறந்துவைத்திருந்தன.

ஒரு வெள்ளிக்கிழமை, சாப்பிட்டுவிட்டு வந்து ஹெட்போனை மாட்டியபோது அறிவிப்பாளர் வாசித்துக்கொண்டிருந்தார்: "அந்தப் பக்கம் இருக்கும் என் தங்கை குருவிக்கு. அம்மா இருக்காங்களா? முட்டிவலிக்கு வெந்நீர் ஒத்தடம் குடுக்கிறியா? எனக்குப் பொண்ணு பிறந்து அஞ்சு வயசாச்சு. அம்மாவோட மூக்கு அப்படியே இருக்கு."

அவள் விரல்கள் நின்றுபோயின. பக்கத்து மேசைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். அவள் மறுபடி தட்டினாள். அன்றாட அறிக்கையில் ஒவ்வொரு செய்திக்கும் எதிரே அதன் முக்கியத்துவத்தைக் குறிக்க வேண்டும். அக்காவின் கடிதத்துக்கு எதிரே, "தனிப்பட்ட விசாரிப்பு. ஒன்றுமில்லை" என்று எழுதினாள்.

ஒரு அட்டை போட்டிருந்தால் போதும். 'அம்மா இருக்காங்க' என்று இரண்டே வார்த்தை. ஆனால் அந்த அட்டைகளெல்லாம் ஒலிபரப்பாகும் முன் அவளுடைய அலுவலகத்திலேயே அடுத்த அறையில் சோதிக்கப்பட்டன. அங்கிருந்த மூன்று பேருக்கும் அவள் கையெழுத்து அத்துப்படி. எழுதிய அட்டையைப் பதினோரு நாள் கைப்பையில் வைத்துக்கொண்டு அலைந்தாள். பன்னிரண்டாம் நாள் கிழித்துக் கழிவறையில் போட்டாள். வேறு யார் கையாலாவது எழுதி வாங்கியிருக்கலாமே என்கிற யோசனை, அம்மா போன பிறகுதான் அவளுக்கு வந்தது.

வருடத்துக்கு ஒன்றாக ஏழு கடிதங்கள் வந்தன. எல்லாவற்றிலும் முதல் கேள்வி ஒன்றேதான்.

அம்மாவிடமும் அவள் வாய் திறக்கவில்லை. சொன்னால் அம்மா நாலு பேரிடம் சொல்லி மகிழ்ந்துபோவாள், விஷயம் வெளியே வந்துவிடும் என்று பயம். அம்மாவோ கட்டிலில் படுத்தபடி அவ்வப்போது கேட்பாள்: "உன் மெஷின்ல ஊரு உலகமெல்லாம் கேக்குதுங்கிற. உங்கக்கா பேச்சு மட்டும் கேக்காதா?"

"அதுல வெறும் செய்திதாம்மா வரும்" என்பாள் இவள்.

ஐந்தாவது கடிதம் வந்த பதினைந்தாம் நாள் அம்மா இறந்துபோனாள். ஆறாவதும் ஏழாவதும் இல்லாத அம்மாவை விசாரித்து வந்தன. அதற்குப் பிறகு எதுவும் வரவில்லை.

வருடங்கள் ஓடின. அந்த நாட்டில் ஆட்சி மாறியது. திரும்ப உறவு வைத்துக்கொள்ளலாமா என்று ஆராய அரசாங்கம் ஐந்து பேர் குழு ஒன்றை அமைத்தது. அந்த நாட்டின் பேச்சை அதிக காலம் கேட்டவள் என்று, குழுவின் முன் விவரம் சொல்ல அவளையும் அழைத்தார்கள். அவள் குறிப்புகளோடு போனாள். நம்மைத் திட்டும் செய்திகள் தினமும் வந்த காலம் போய், இப்போது மாதத்துக்கு ஒன்றிரண்டு என்றாகிவிட்டதைச் சொன்னாள். பள்ளிப் பாடங்களில் நம் மொழி மறுபடி வந்திருப்பதைச் சொன்னாள். குழுவில் இருந்த ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி, அடைத்தவன்தான் முதலில் திறக்க வேண்டும், நாம் ஏன் இறங்கிப்போக வேண்டும் என்றார். வணிகர் சங்கத்துக்காரர் பாலத்தைத் திறந்தால் சரி என்றார். அவர்கள் வாதாடி ஓய்ந்தபின், வரலாற்றுப் பேராசிரியை ஒருவர் பழைய அறிக்கைகளைப் புரட்டியபடி கேட்டார்.

"வெள்ளிக்கிழமை கடிதங்கள் அத்தனைக்கும் நேரா ஒன்றுமில்லைன்னு போட்டிருக்கீங்க. நிஜமாவே ஒண்ணும் இல்லையா?"

அவள் தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்தாள். "அதுல ஏழு எனக்கு வந்ததுங்க" என்றாள்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள், விண்ணப்பத்தின் நாலாம் பக்கம் உட்பட. ராணுவ அதிகாரி பேனாவை மூடி வைத்தார். உறவு வேண்டுமா வேண்டாமா என்று பேராசிரியை நேராகவே கேட்டார். "பயந்துக்கிட்டு இருந்தா நாள் போயிடுங்க. போனது போனதுதான்" என்றாள் அவள்.

பொய்த் தகவல் கொடுத்ததற்காக அவளைப் பதிவறைக்கு மாற்றினார்கள். ஓய்வுக்கு ஏழு மாதமே இருந்தது. கோப்புகளில் தூசி தட்டினாள். குழு உறவுக்கு ஆதரவாக மூன்றுக்கு இரண்டு என்று பரிந்துரைத்தது. ராணுவ அதிகாரி எதிர்த்தே எழுதினார், அதில் அவளைப் பற்றிக் குறை சொல்லவில்லை. ஓய்வு பெற்ற அடுத்த வருடம் தூதரகம் திறந்தார்கள், முதல் பேருந்து விட்டார்கள்.

அக்காவைத் தேடி அவள் அனுப்பிய விண்ணப்பத்துக்கு, ஒரு நாள் வாசற்படியிலேயே பதில் வந்து நின்றது. அம்மாவின் மூக்கோடு ஒரு பெண். அக்கா இறந்து மூன்று வருடம் ஆகிவிட்டதாம். பதிலே வராததால் இங்கே யாரும் உயிரோடு இல்லை என்று முடிவுகட்டி, அம்மாவுக்கும் தங்கைக்கும் சேர்த்தே அழுது முடித்துவிட்டாளாம். அக்காவிடம் கற்ற நம் மொழியை அந்தப் பெண் முப்பது வருடத்துக்கு முந்தைய சொற்களில் பேசினாள்.

உள்ளே வந்து உட்கார்ந்தவள், தண்ணீர் குடித்துவிட்டு மெல்லக் கேட்டாள்: "அம்மா எழுதினது எதுவும் உங்க காதுக்கு வரவே இல்லையா, சித்தி?"

இல்லை என்று சொல்லிவிட அந்த நேரத்தில் அவளுக்கு எல்லா வசதியும் இருந்தது.

"ஏழும் கேட்டேன்மா" என்றாள்.

அந்தப் பெண் டம்ளரைக் கீழே வைத்தாள். அன்றைக்கே போய்விடுவாள் என்றுதான் இவள் நினைத்தாள். அவள் மாலைப் பேருந்துக்கு எழுந்திருக்கவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. பாட்டியின் போட்டோ இருந்தால் காட்டச் சொன்னாள்.