காசு கொடுத்தால் கோபுரம் அவருக்கு

திண்டுக்கல்லில் லாரி ஆபீஸ் வைத்திருந்த அந்த மனிதருக்கு, யார் எவ்வளவு கோபமாகப் பேசினாலும் தீக்குச்சியால் காது குடைந்துகொண்டே கேட்கும் பழக்கம். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சல் ஏறியது. நாங்கள் தாடிக்கொம்பிலிருந்து வீடு மாற்றியபோது, பொழுதுபோக்காகத் தீக்குச்சிகளை ஒட்டி நான் கட்டியிருந்த கோயில் கோபுரத்தின் மேல் அவருடைய ஆட்கள் கிரைண்டரை வைத்துவிட்டார்கள். நொறுங்கியதைப் பெட்டியோடு அவர் மேசையில் வைத்து, "ஆயிரம் ரூவா வாங்காம நகர மாட்டேன்" என்று கத்தினேன்.

அவர் வாதாடவே இல்லை. பணத்தை எடுத்து நீட்டினார். வாங்கிக்கொண்டு பெட்டியைத் தூக்கப் போனேன். அவர் கை அதை அழுத்திப் பிடித்தது.

"அத வைங்க சார். காசு குடுத்தாச்சுல்ல, இனி அது எங்க பொருளு."

"ஒடஞ்சத வச்சு என்ன பண்ணுவீங்க?"

"வெந்நீ போட ஆகும்."

முகத்தில் சிரிப்பே இல்லை. இருவருமே பெட்டியை விடவில்லை. கடைசியில் பணத்தை மேசையில் வீசிவிட்டு, பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு வெளியேறினேன்.

இப்படித்தான் முடியும் என்று அவருக்கு முன்பே தெரியுமா, நிஜமாகவே வெந்நீர்தான் நினைப்பா என்று இன்றும் எனக்குப் பிடிபடவில்லை. வாசலில் நின்று திரும்பிப் பார்த்தபோது, மேசையில் உதிர்ந்து கிடந்த என் கோபுரக் குச்சி ஒன்றை எடுத்து நிதானமாகக் காது குடைந்துகொண்டிருந்தார்.