குரோக் என்றொரு சீக்கு

ஜவ்வாது மலையில் ஒரு சிறிய அரசு ஆஸ்பத்திரியில் நான் நர்ஸ். தினம் ஒரு பழைய ஆங்கிலச் சொல்லை அர்த்தத்தோடு அனுப்பும் ஆப் ஒன்று என் போனில் இருக்கிறது.

போன பலாப்பழ சீசனில் 'குரோக்' என்ற சொல் வந்தது. ஒருவர் சாப்பிடும்போது, நமக்கும் கொஞ்சம் தரமாட்டாரா என்று வாய் திறக்காமல் பார்த்துக்கொண்டே நிற்பதாம். மதியம் டிபன் பாக்ஸைத் திறந்தபடி, மாத்திரை கொடுக்கும் அக்காவிடம் அதை வாசித்துக் காட்டினேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வாசலைப் பார்த்தோம். எங்கள் டாக்டர் நின்றிருந்தார். கல்யாணமாகாதவர், கடைப் பரோட்டாவில் காலம் தள்ளுகிறவர். ஏதாவது ரிஜிஸ்டரைத் தேடிக்கொண்டு சரியாகச் சாப்பாட்டு நேரத்துக்கு வருவார். கண் மட்டும் குழம்பில் இருக்கும்.

அன்றிலிருந்து அவருக்கு அதுதான் பெயர். "குரோக் வருதுக்கா" என்பேன். அக்கா பாத்திரத்தை மூடுவார்.

ஒரு நாள், மாத்திரைக்குக் காத்திருந்த ஒரு மலைக்காரப் பெண்மணி அதைக் கேட்டுவிட்டு, குரோக் என்றால் என்ன என்று விசாரித்தார். உண்மையைச் சொல்ல முடியுமா? அது ஒரு சீக்கு, அடுத்தவர் சாப்பிடுவதையே பார்க்க வைக்கும், டாக்டருக்குக்கூட லேசாக இருக்கிறது என்று அளந்துவிட்டேன். அக்கா அலமாரிக்குப் பின்னால் போய்ச் சிரித்தார்.

மறுவாரம் அந்தம்மா தன் கணவரை இழுத்துவந்து டாக்டர் முன்னால் உட்கார வைத்தார். நான் அந்தப் பெரியவருக்கு பிரஷர் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எங்க வூட்டுக்காருக்கு குரோக்கு வந்துட்டுதுங்க. நான் துன்றப்போ எதுக்கவே குந்திக்கினு பாக்குறாரு."

தனக்குத் தெரியாத வியாதியா என்று டாக்டர் திகைத்தார். யார் சொன்னது என்று கேட்டார்.

"நர்சம்மாதாங்க. உங்களுக்கும் இருக்குதாமே. நீங்க இன்னா மாத்திரை துன்றீங்களோ அதையே குடுங்க."

நான் பிரஷர் மீட்டரில் கண்ணைப் புதைத்துக்கொண்டேன். டாக்டர் என்னைப் பார்த்தார். போனை எடுத்துத் தேடினார், படித்தார். காது சிவந்தது. பிறகு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தார். சர்க்கரை என்று சொல்லி வீட்டில் ஒரு பலாச்சுளைகூடத் தருவதில்லை என்று அவர் முறையிட்டார். ரத்தம் சோதித்துவிட்டு, ஒரு சுளை தரலாம் என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார் டாக்டர்.

என்னைத் திட்டவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. மறுநாள் மதியம் தட்டோடு வந்தார், நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"சீக்கு முத்திடுச்சு சிஸ்டர். கொஞ்சம் குழம்பு ஊத்துங்க."

அன்றைக்கென்று நான் கொண்டுபோயிருந்தது வெறும் தயிர்சாதம். அக்காதான் தன் மீன் குழம்பில் பாதியைக் கொடுத்தார். சிரிப்பு அடங்காமல், கொஞ்சத்தை அவர் சட்டையிலும் ஊற்றினார்.