அக்காவின் சைக்கிளுக்கு ஏற்ற உருளை

என் அக்காவின் சைக்கிளில் பின்சக்கரத்தை அழுத்திக்கொண்டு சுற்றிய அந்த உருளை, ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிடும். முதல் உருளை புளியமரத்தில் செய்தது. அத்தான் தன் தொழிற்சாலை லேத்தில் அதைக் கடைந்து, பழந்துணியில் சுற்றி, சாப்பாட்டு டப்பாவுக்குள் வைத்துக் கொண்டுவந்தார். டப்பாவைக் கழுவ எடுத்த நான்தான் அதை முதலில் பார்த்தேன். யார் வீட்டுப் பிள்ளைக்கோ பம்பரம் செய்கிறார் என்று நினைத்தேன். அந்த வீட்டில் அப்போது அத்தானும் அக்காவும் சரியாகப் பேசிக்கொள்ளாத காலம். அதனால் நானும் எதுவும் கேட்கவில்லை.

எழுபதுகளின் கடைசி வருடங்கள் அவை. அக்கா படப்பைக்கு மேற்கே ஒரகடம் வரையிலான கிராமங்களுக்கு நர்ஸ். பிரசவம், தடுப்பூசி எல்லாம் அவள் பொறுப்பு. நான் படப்பைப் பள்ளியில் ஆசிரியை வேலை கிடைத்து அவர்களுடன் தங்கியிருந்தேன். ஒரு நாள் வரப்பில் வழுக்கி விழுந்ததில் அக்காவின் வலது முட்டி பிசகிவிட்டது. கட்டுப் பிரித்த பிறகும் கால் முழுவதும் மடங்கவில்லை. சைக்கிள் மிதித்தால் சாயங்காலம் முட்டி பூசணிக்காய் மாதிரி வீங்கிவிடும். ஊர்களுக்குப் போக முடியாவிட்டால் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடு என்று மேலதிகாரி சொல்லிவிட்டார். அத்தானும் அதையேதான் சொன்னார். "வேலைய வுட்டுடு. கால விட அது இன்னா பெருசு?" அக்கா முட்டிக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தாள். மறுநாளும் சைக்கிளை எடுத்தாள். அதோடு பேச்சு நின்றது.

அத்தான் எப்போது மனம் மாறினார் என்று எனக்குத் தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து வந்தவர், யாரோ கழித்துப்போட்ட பூச்சிமருந்து தெளிக்கும் கருவியின் இன்ஜினைச் சாக்குப்பையில் கொண்டுவந்து இறக்கினார். அதைச் சைக்கிள் கேரியரில் பொருத்தி, இன்ஜின் தண்டில் புளியமர உருளையை மாட்டி, அது டயரின் மேல் அழுந்தும்படி ஒரு நெம்புகோலும் வைத்தார். உருளை சுற்றினால் அந்த உராய்வில் சக்கரமும் சுற்றும். அவ்வளவுதான் ஏற்பாடு. அக்கா வண்டியைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "நிறுத்தணும்னா?" என்று மட்டும் கேட்டாள். "இத்த தூக்கிவுடு. உருளை டயர வுட்டுடும்," என்றார். பல வாரங்களுக்குப் பிறகு அவர்கள் பேசிக்கொண்டது அதுதான்.

வெயில் காலம் முழுவதும் மர உருளை நன்றாகவே ஓடியது. ஐப்பசி மழை தொடங்கியதும் அதன் குணம் தெரிந்தது. ஏரிக்கு அந்தப் பக்கத்து ஊரில் தலைப்பிரசவம் என்று காலையில் ஆள் வந்தது. பாதி வழியில் மழை பிடித்துக்கொள்ள, நனைந்த டயரின் மேல் மரம் வழுக்கி வெறுமனே சுற்றியிருக்கிறது. இன்ஜின் அலறுகிறது, வண்டி நகரவில்லை. அக்கா அந்தக் காலோடு மிதித்து, பிறகு சேற்றில் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது குழந்தை பிறந்திருந்தது. கழுத்தில் கொடி சுற்றி நீலம் பாரித்துக் கிடந்ததாம். அது அழுவதற்குள் தன் உயிர் போய்விட்டது என்று பிறகு என்னிடம் சொன்னாள்.

வீட்டுக்கு வந்தவளைத் தாங்கி உட்காரவைத்தேன். அத்தான் வாசலில் நின்றிருந்தார். இப்போது பழைய பேச்சை எடுப்பார் என்று நான் பயந்தேன். அக்கா முந்திக்கொண்டாள்.

"மழையில வழுக்குது. மரம் வோணாம், வேற போடு."

அத்தான் அவள் முட்டியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இரும்புல போட்றேன்," என்றார்.

இரும்பு உருளையில் அரத்தின் பல்போல் சொரசொரப்பு வைத்திருந்தார். மழையானாலும் பிடி விடவில்லை. ஆனால் டயரைத் தின்றது. அக்காவின் வெள்ளைப் புடவை ஓரமெல்லாம் கறுப்புத் தூள். அந்த மாதம் முடிவதற்குள் டயருக்குள்ளிருந்த நூல் தெரிந்தது. மாதம் ஒரு டயர் மாற்றிக்கொள்ளலாம் என்றார் அத்தான். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை.

"டயர் பூட்ச்சுன்னா நடு ரோட்ல நிக்கணும். தேயறது உருளையா இருக்கட்டும். அத வூட்லயே மாத்திக்கலாம்."

"அப்ப மழையில பிடிக்கணும், டயரயும் தின்னக்கூடாது. அப்டி இன்னா கீது?"

அதற்கு விடை அக்காவுக்கே ஒரு ரைஸ் மில்லில் கிடைத்தது. மில்காரர் மனைவியைப் பார்க்கப் போனவள், மில்லில் பெல்ட் ஓடும் இரும்புச் சக்கரத்தின் மேல் பழைய பெல்ட்டின் துண்டு ஒன்று சுற்றி ஒட்டியிருப்பதைப் பார்த்து எதற்கென்று கேட்டிருக்கிறாள். "பெல்ட் வழுக்காம இருக்கத்தான் நர்ஸம்மா," என்றாராம் மில்காரர். கான்வாசும் ரப்பரும் சேர்ந்த அந்தப் பெல்ட்டில் ஒரு முழம் வாங்கி, பஞ்சும் கத்தரிக்கோலும் இருந்த பையிலேயே வைத்துக் கொண்டுவந்தாள். அத்தான் அதை அடுக்கடுக்காக உரித்து, மெல்லிய பட்டையாக்கி, இரும்பு உருளையின் சொரசொரப்பை வழித்தெடுத்துவிட்டு அதன்மேல் ஒட்டினார். இருவரும் முற்றத்தில் குந்தி, சக்கரத்தின் மேல் தண்ணீர் ஊற்றி ஊற்றிச் சோதித்துப் பார்த்தார்கள். உருளை வழுக்காமல் சக்கரத்தை இழுத்தபோது, அக்கா செம்பில் மிச்சமிருந்த தண்ணீரை அத்தான் தலையில் ஊற்றினாள். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அக்கா பணி ஓய்வு பெறும்வரை அந்தப் பக்கத்துக் கிராமங்களிலேயே இருந்தாள். மொபெட் வாங்கும்வரை அந்தச் சைக்கிள்தான். பட்டை தேயத் தேய அத்தான் புதிது ஒட்டுவார். வேலையை விடச் சொல்லி அவர் மறுபடி ஒரு வார்த்தை பேசவில்லை.

அத்தான் காலமாகிச் சில வருடங்கள் ஆகின்றன. அக்காவைப் பார்க்க நான் இப்போது ஷேர் ஆட்டோவில் போகிறேன். அவள் சேற்றில் வண்டி தள்ளிய பாதை எதுவென்று கண்டுபிடிக்க முடியாதபடி தொழிற்சாலை மதில்களும் லாரிகளும் நிறைந்துவிட்டன. போன மாதம் அவளிடம் கேட்டேன், அத்தான் ஏன் மனம் மாறினார் என்று என்றைக்காவது சொன்னாரா என்று.

"நான் கேக்கவே இல்லியே," என்றாள் அக்கா. "கேட்டிருந்தா, மனுஷன் திரும்ப யோசிக்க ஆரம்பிச்சிருப்பாரு."