முற்றத்தில் போட்ட தோட்டம்

ஏரிக்கரை வீட்டு முற்றத்தில் நான் கட்டிய முல்லைப் பந்தலில், வீடு பார்க்க வந்த சாயத்துணி வியாபாரியின் தலைப்பாகை மாட்டிக்கொண்டதுதான் எனக்கு முதலில் ஞாபகம் வருகிறது. அவர் அதை விடுவித்துக்கொள்வதற்குள் நான் நாலு தடவை அங்குமிங்கும் நடந்துவிட்டேன். அண்ணி மட்டும் கதவோரம் அசையாமல் நின்றாள். வீடு விற்றால்தான் அண்ணன் ஊரில் இருப்பார்.

அண்ணனின் படகு முகத்துவாரத்து மணல்திட்டில் மோதி உடைந்திருந்தது. வேறு படகு வாங்க வழியில்லையென்றால் ஒல்லாந்தர் கப்பலில் வேலைக்கு ஏறிவிடுவேன் என்று சொல்லிவிட்டார். அப்படிக் கடல் கடந்து பத்தாவியாத் தீவுக்குப் போனவர்களில் திரும்பி வந்த ஒருவரையும் நாங்கள் பார்த்ததில்லை. குடிசை எங்கேயும் போட்டுக்கொள்ளலாம், வீட்டை விற்றுப் படகு வாங்கலாம் என்று முடிவு செய்தவள் அண்ணி. அதில் மூக்கை நுழைத்தவன் நான்.

அப்போது நான் பழவேற்காட்டுக் கோட்டைக்கு வெளியே ஒல்லாந்தர் தோட்டத்தில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தேன். பூவும் நிழலுமாக இருந்த வீடுகளைத் துரைமார் போட்டி போட்டு வாங்கியதைப் பார்த்திருந்தேன். எங்கள் குப்பத்திலோ முற்றம் என்றால் வெறும் மணல். வலை காயும், மீன் காயும், அவ்வளவுதான். "இந்த வெறும் மணல எவன் வாங்குவான் அண்ணி? நாலு செடி வெச்சா வெல ஏறும்" என்றேன். அரைகுறை அறிவுக்கு வேகம் அதிகம். முல்லை, மாதுளை, வாழை என்று கிடைத்ததையெல்லாம் கொண்டுவந்து நட்டேன். நல்ல கோடை. அண்ணி காலையும் மாலையும் எங்கள் கிணற்றிலிருந்து குடம் குடமாக இறைத்து ஊற்றினாள். அவள் உள்ளங்கை காய்த்துப்போனது.

வியாபாரி செடிகளைப் பார்க்கவேயில்லை. நேராகக் கிணற்றுக்குப் போய் ஒரு வாய் குடித்துத் துப்பினார்.

"போன தபா வந்தப்ப எளநி மாதிரி இருந்திச்சே. இன்னாம்மா பண்ணீங்க?"

"செடிக்கு ஊத்தினோங்க" என்றாள் அண்ணி.

"மணல்ல மேலாக்க நிக்கிறதுதாம்மா நல்ல தண்ணி. அத்த எறச்சிட்டா அடியில கெடக்கிற உப்புதான் வரும். இதுல சாயம் நிக்காது. செடியப் புடுங்கிட்டுத் துணி காய வெச்சிக்குவேன், கெணத்த இன்னா பண்றது?"

குடிக்கவும் சமைக்கவும் மட்டுமே இறைத்துப் பழகிய குடும்பம் எங்களுடையது. அதற்கு மேல் இறைத்தால் என்ன ஆகும் என்று தெரிய வாய்ப்பே வந்ததில்லை. அன்று மாலையே அவர் தெருக்கோடி வீட்டை வாங்கிவிட்டார். அங்கே ஒரு புல்கூட இல்லை.

அடுத்த வாரம் அண்ணன் கப்பலேறினார். என்னைத் திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

ஐப்பசி மழையில் கிணறு மறுபடி இனித்தது. வியாபாரியும் மறுபடி வந்து, தன் தொழிலுக்கு இடம் போதவில்லை என்று நல்ல விலைக்குக் கேட்டார். விற்பதற்கில்லை என்றாள் அண்ணி. பந்தலை அவளே பிரித்துப்போட்டிருந்தாள்.

எனக்குத் தாடி நரைத்துவிட்டது. இன்னும் அந்த வீட்டில் என்னால் ஒரு நாழிகை சேர்ந்தாற்போல் உட்கார முடிவதில்லை. நேற்றும் போனேன். அண்ணி வளைந்த முதுகோடு முற்றத்தில் முளைத்ததையெல்லாம் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

"இந்த வயசுல இன்னாத்துக்கு அண்ணி இது?"

"உங்கண்ணன் வந்தா வல காயப் போட எடம் வேணும்ல, தம்பி."

என் காலடியில் ஒரு புல் விட்டுப்போயிருந்தது. குனிந்து பிடுங்கினேன்.