ஒரு காது முதலில்

இரண்டு காதையும் வயிற்றையும் ஒரே மயக்கத்தில் முடித்துவிடலாம் என்று டாக்டர் சொன்னபோது நான் அவரைப் பார்க்கவில்லை. பக்கத்து நாற்காலியில் இருந்த என் வீட்டுக்காரரைத்தான் பார்த்தேன். அவர் தலையை ஆட்டினார். டாக்டர் சொல்லி முடிப்பதற்குள்ளேயே ஆட்டிவிட்டார். அந்த வேகம் எனக்குப் பிடிக்கவில்லை.

வந்தது காதுக்காக. என் காதுகள் தோள்வரை தொங்கின. ஏரலுக்குத் தெற்கே, தேரிச் செம்மணலும் பனையுமான ஊரில் பிறந்தவள் நான். கைக்குழந்தையிலேயே காதைக் குத்தி, துளையில் பஞ்சைத் திணித்து, பிறகு ஈயக் குணுக்கைத் தொங்கவிட்டு, எடை கூட்டிக் கூட்டிக் காதை வளர்த்தார்கள். கல்யாணத்தில் காதில் தங்கப் பாம்படம் ஆடியது. எங்கள் பக்கத்தில் அது பெண்ணின் களை. தூத்துக்குடிக்கு வந்து, மில்லர்புரத்தில் வீடு பிடித்து, வீட்டுக்காரர் கப்பல்களுக்குச் சாமான் சப்ளை செய்யத் தொடங்கியதும் அதே களை வேடிக்கையாகிவிட்டது. பாம்படத்தை அழித்துச் சங்கிலி செய்துகொண்டேன். காது மட்டும் வெறும் வளையமாக மிஞ்சியது. குனிந்தால் முன்னால் வந்து ஆடும். ஓடினால் கழுத்தில் அடிக்கும். என் இரட்டைப் பெண்கள் சின்னதாக இருந்தபோது அதில் விரலைக் கோத்துக்கொண்டுதான் தூங்குவார்கள். பள்ளிக்கூடம் போனபின் ஒருநாள் இரண்டு பேரும் சேர்ந்து வந்து சொன்னார்கள்: "இனி நீ கூப்பிட வராத. அப்பாவ அனுப்பு."

அன்றைக்குத் தீர்மானித்தேன். நாசரேத்துப் பக்கத்தில் என் அம்மா காலத்திலேயே வேதத்தில் சேர்ந்த கிறிஸ்தவப் பெண்கள் காதை அறுத்துத் தைத்துக்கொண்டவர்கள்தான். எனக்கும் செய்தால் என்ன?

வயிற்றைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. இரட்டைப் பிள்ளை சுமந்த வயிறு. இறக்கிவைத்த பிறகும் சுமந்துகொண்டே இருந்தது. தோல் மடிந்து தொங்கும், தொப்புள் வெளியே எட்டிப் பார்க்கும், சேலைக் கொசுவம் அதன்மேல் நிற்காது வழுக்கும். வலி கிடையாது. யாருக்கும் தெரியாது என்றுதான் இருந்தேன். ஆனால் டாக்டர் காதை அளந்துகொண்டிருக்கும்போதே என் வீட்டுக்காரர், "இவ வயித்தையும் கொஞ்சம் பாருங்க டாக்டர்" என்றார். பத்து வருஷமாக அந்த வயிற்றைப் பற்றி ஒரு சொல் சொல்லாத மனிதர்!

டாக்டர் மெட்ராஸில் படித்துவிட்டு வந்து சொந்தமாக நர்சிங் ஹோம் வைத்திருந்தவர். அழுத்திப் பார்த்தார்.

"இது நோய் இல்லம்மா. பார்வைக்குத்தான். தளர்ந்த தோலை எடுத்துட்டு, உள்ளே விலகியிருக்கிற சதையைச் சேர்த்துத் தைக்கணும். காது தனியா, இது தனியான்னும் செய்யலாம். ஆனா இதுக்கு எப்படியும் மயக்கம் கொடுக்கணும். அதிலேயே காதையும் செஞ்சுட்டா ஒரே படுக்கையோட போச்சு. ஒண்ணு மட்டும் கேக்கணும். இனிமே பிள்ளை பெத்தா இது மறுபடி தளர்ந்துரும், செஞ்சதெல்லாம் வீண். இனி வேண்டாம்தானே?"

"வேண்டாம் டாக்டர்" என்றார் என் வீட்டுக்காரர்.

கேள்வி என்னைப் பார்த்து வந்தது. பதில் என்னைத் தாண்டிப் போயிற்று.

இன்னொரு பிள்ளைக்கு நான் ஏங்கிக் கிடக்கவில்லை. பேரன் பேரன் என்று மாமியார்தான் ஏங்கினார். எனக்கு முப்பத்துநாலு வயது. வேண்டும் என்றும் நினைக்கவில்லை, வேண்டாம் என்றும் முடிவு கட்டவில்லை. அந்தக் கதவு சும்மா சாத்தியிருந்தது, தாழ்ப்பாள் போடவில்லை. தாழ்ப்பாள் என் கையில் இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

அது அவசரநிலைக் காலம். தாழ்ப்பாள் போடுகிறவர்கள் ஊர் ஊராகத் திரிந்த காலம். குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனுக்கு ஆள் சேர்ப்பதைக் 'கேஸ் பிடிப்பது' என்பார்கள். வாத்தியார் கேஸ் பிடித்தார், தலையாரி கேஸ் பிடித்தார். சுவரிலெல்லாம் அதன் சின்னமான சிவப்பு முக்கோணம். உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள் வெள்ளை ஜீப்பைக் கண்டால் பாத்தி வரப்பில் இறங்கி ஓடினார்கள் என்று பேச்சு. மெய்யோ பொய்யோ, பேச்சுக்குப் பஞ்சமில்லை. காற்றில் உப்பு மாதிரி சந்தேகமும் இருந்தது. துடைத்தால் மறுபடி படிந்தது.

அடுத்த வீட்டு அக்கா கடற்கரைக்காரி. புருஷன் சங்கு குளிக்கப் போகிறவர். நான் விஷயத்தைச் சொன்னதும் மீன் அரிந்துகொண்டிருந்த கத்தியை அப்படியே நிறுத்திவிட்டாள்.

"மாதாவே! மயக்கத்துல வயித்தத் தொறக்கப் போறானா? தொறந்தவன் சும்மா மூடுவானாளா? கைக்கு எட்டுற தூரம். ஒரு முடிச்சுப் போட எம்புட்டு நேரம் ஆவும்?"

"அவரு படிச்ச டாக்டருக்கா."

"படிச்சவனுக்குத்தாம்ளா முடிச்சு போடத் தெரியும். எங்க வீட்டு ஆளு நங்கூரத்துக்குப் போடுத முடிச்சா அது?"

சிரித்தோம். ஆனால் அவள் கத்தியை மறுபடி எடுக்கும்போது என் வயிற்றை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குள் இறங்கி உட்கார்ந்துவிட்டது.

அந்த வாரமே இன்னொன்று கேட்டேன். வாசலில் நின்று என் வீட்டுக்காரர் இன்னொரு வியாபாரியோடு தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார். சப்ளை லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டிய நேரம். எந்த ஆபீஸ் என்பது இப்போது எதற்கு? அந்த வியாபாரி சொன்னார்: "கேஸு ஒண்ணு குடுத்தா உடனே கையெழுத்து அண்ணாச்சி. நான் எங்க வீட்டுலயே முடிச்சிட்டேன்." என் வீட்டுக்காரர், "பாப்போம், பாப்போம்" என்றார்.

எங்க வீட்டுலயே. ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். கை நின்றுவிட்டது. எல்லாம் கூட்டிப்பார்க்கச் சரியாக வந்தது. வயிற்றைப் பாருங்க டாக்டர். வேண்டாம் டாக்டர். ஒரே மயக்கம். காதுக்காகப் போகிறவள் கேஸாகத் திரும்புவாள், கையெழுத்து ஆகிவிடும்.

அதற்குப் பிறகு அவர் செய்ததெல்லாம் வேறு வெளிச்சத்தில் தெரிந்தது. திராட்சை வாங்கிவந்தார். அவர் திராட்சை வாங்குகிற ஆளே இல்லை. "நல்லா சாப்பிடு, ரத்தம் ஊறணும்" என்றார். எதற்கு ஊறணும்? ஒவ்வொரு பழத்தையும் வாயில் போடும்போது அவர் கண்ணைப் பார்த்தேன். "என்னளா அப்படிப் பாக்க?" என்றார். "புளிக்குது" என்றேன்.

மறுபடி டாக்டரிடம் போனபோது நானே பேசினேன்.

"வயிறு வேண்டாம் டாக்டர். காது மட்டும். மயக்கம் வேண்டாம், மரத்துப்போற ஊசி போதும். அதுலயும் ஒரு காது முதல்ல."

"ஒரு காதா? ரெண்டையும் ஒரே நாள்ல செஞ்சாத்தாம்மா அளவு ஒத்து வரும்."

"ஒண்ணு செய்யுங்க. பாக்குதேன்."

"என்னத்தைப் பாப்பீங்க?"

"நீங்க காதை மட்டும்தான் தைக்கீயளான்னு."

அவர் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. நான் விளையாடவில்லை என்று புரிந்திருக்கும். என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கூட்டுச் சதி உடைந்தவர்கள் அப்படித்தான் உட்காருவார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

இடது காது. கண்ணைத் திறந்தே வைத்திருந்தேன். கத்தரிக்கோல் பேசுவது வெளியே கேட்கவில்லை, தலைக்குள் கேட்டது, ஈரத்தோலை நறுக்குகிற சத்தம். நர்ஸின் கை எங்கே போகிறது, டாக்டரின் கை எங்கே போகிறது என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்டியதைக் காட்டச் சொன்னேன். பஞ்சில் வைத்துக் காட்டினார்கள். என்னை இவ்வளவு நாள் இழுத்துக்கொண்டிருந்தது ஒரு சின்னச் சதைநாடா.

வீட்டுக்கு வந்தேன், ஒரு பக்கம் பட்டணம், ஒரு பக்கம் பனங்காடு.

ஊர் விடுமா? மார்க்கெட்டில் கீரை விற்கிறவள் என்னை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "ஏளா, மத்தத எலி கடிக்க விட்டுவச்சிருக்கியா?" என்றாள். பலசரக்குக் கடை அண்ணாச்சி பருப்பை நிறுக்கும்போது தராசைப் பார்ப்பார், என் காதைப் பார்ப்பார், மறுபடி தராசைப் பார்ப்பார். மாமியார் சொன்ன சொல் ஒன்றுதான்: மூளி. காதில் ஒன்றும் இல்லாதவளை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள், தாலி இழந்தவளுக்கும் அதே சொல். பெண்கள் இருவரும் தெருவில் என் இடது பக்கமாகவே நடந்தார்கள். வலது பக்கத்துக்குப் போட்டியே இல்லை.

நான் அதையெல்லாம் சட்டை செய்யவில்லை. எனக்கு வேறு ஒன்று உறுத்தியது. என் வீட்டுக்காரர் மாறியிருந்தார். ராத்திரியும் கடையில் கிடந்த கட்டிலிலேயே படுத்தார். கேட்டால், "உன் தையல்ல கை பட்டுரும்" என்பார். சாக்கைத் தொடுவதில்லை, ஆளை விட்டுத் தூக்கச் சொன்னார். சைக்கிளில் ஏறுவதே இல்லை. வாசலிலிருந்து தெரு முக்குவரை உருட்டிக்கொண்டே போனார், உருட்டிக்கொண்டே வந்தார்.

"எங்கனயோ போயிட்டு வாராவ போல" என்றாள் அடுத்த வீட்டு அக்கா. "ஏறி வந்தா வீடு சீக்கிரம் வந்துரும்னு உருட்டுதாவளோ என்னவோ."

ஒருநாள் மத்தியானம் கொல்லையில் பிடித்தேன்.

"ஏன் சைக்கிள உருட்டிக்கிட்டே போறீய அத்தான்?"

"செயின் சரியில்ல."

நான் பெடலை மிதித்து விட்டேன். பின்சக்கரம் சுற்றியது, வெயிலில் கம்பிகள் மின்னின, செயின் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. சக்கரம் நிற்கும்வரை இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"நான் பண்ணிக்கிட்டேன்" என்றார்.

"என்னத்த?"

"அதத்தான். அந்தக் கேஸு."

முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. திராட்சையைத் தின்றவள் நான், படுத்தவர் அவர். பிறகு சைக்கிளின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன்.

"எங்கிட்ட ஒரு வார்த்த?"

"சொன்னா நம்பியிருப்பியா? நீ என்னயப் பாக்குத பார்வையே சரியில்ல. பயந்துபோயி ஒத்தக் காத வெட்டிக்கிட்டு அலையுத. கேஸு கேஸுன்னு உன்கிட்ட எவனும் வந்துரக் கூடாதுன்னுதான் நான் போய்ப் படுத்தேன்."

"லைசென்சு?"

"அதுவும் ஆச்சு."

அந்த 'அதுவும்' என்ற சொல்லை நான் இன்னும் புரட்டிப் பார்க்கிறேன். எது முதலில் வந்தது? எனக்காகப் படுத்துக் கையெழுத்து கிடைத்ததா, கையெழுத்துக்காகப் படுத்ததில் நான் தப்பினேனா? அவருக்கே தெரிந்திருக்குமா? அன்று அவர் முகம் வெளிறியிருந்தது. வேட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு கல்லில் பக்குவமாக உட்கார்ந்தார். பாவமாக இருந்தது. நான் என் பக்கத்துக் கதவைக் காத்துக்கொண்டு நின்றேன்; அவர் தன் பக்கத்தில் போய்த் தாழ்ப்பாள் போட்டுவிட்டு வந்திருக்கிறார். பாவப்படுவதா, சண்டை போடுவதா என்று தெரியாமல் சைக்கிளைச் சுவரில் சாய்த்தேன்.

உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னார்: "இனிப் பயமில்லல்லா? இனிப் பிள்ளையும் கெடையாது. மத்தக் காதோட வயித்தையும் சேத்து முடிச்சிருவோம்."

மறுபடியும் அதே வேகம்.

வலது காதுக்குப் போன அன்று டாக்டர் தயாராக இருந்தார். "ரெண்டையும் சேத்துத்தானேம்மா? உங்க வீட்டுக்காரர் வந்து சொல்லிட்டுப் போனார்."

"அவரு சொன்னது அவரு வயித்துக்கு டாக்டர். எனக்குக் காது மட்டும்."

நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். டாக்டர் ஊசியை எடுத்தார். தைத்து ஆறியபின் பார்த்தால், வலது காது இடதைவிடக் கொஞ்சம் நீளம். "அப்பவே சொன்னேனே" என்றார் டாக்டர். சொன்னார்தான். இன்றைக்கும் கம்மல் போட்டால் ஒன்று மேலே, ஒன்று கீழே.

வயிற்றை விட்டுவைத்தேன். அவசரநிலை போயிற்று, ஜீப்புகள் போயின, அந்த முக்கோணத்தின்மேல் தேர்தல் சின்னங்கள் வரைந்தார்கள். சில வருஷம் கழித்துத் தொப்புள் அதிகமாகத் தள்ள ஆரம்பித்ததும் நானே வேறு ஊரில் வேறு ஆஸ்பத்திரிக்குப் போனேன். தனியாகப் போனேன். அந்த டாக்டரும் அதே கேள்வியைக் கேட்டார்: இனி பிள்ளை? நான் நிறைய நேரம் எடுத்துக்கொண்டேன். அவர் பேனா மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். "வேண்டாம்" என்றேன். முதல் தடவையாக அதை என் வாயால் சொன்னேன். தீர்மானிக்க ஒன்றும் மிச்சமில்லாத பிறகு சொன்னேன் என்பது அவருக்குத் தெரியாது.

"தோலும் தொப்புளும் மட்டும் டாக்டர். அதுக்கு மேல உள்ள எதையும் தொடக்கூடாது" என்றேன்.

"எதைம்மா?" என்றார் அவர்.

மயக்கம் தெளிந்ததும் பக்கத்தில் நின்ற நர்ஸைக் கேட்டேன்: "வேற என்ன செஞ்சாவ?"

"வேற என்னம்மா செய்வாங்க?" என்றாள்.

ஒன்றும் செய்யவில்லை என்று அவள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கேள்விக்குக் கேள்வியைக் கொடுத்துவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். வேலை நேர்த்தியானது. வயிறு பலகையாக இருந்தது, கொசுவம் நின்றது. தழும்பு ஒரே கோடு. அதில் விரலை வைத்து இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தடவிப் பார்ப்பேன். வெளியே எல்லாம் சரி. உள்ளே? இன்னொருத்தியாக இருந்தால் காலம் காட்டிக் கொடுத்துவிடும். மாதங்கள் போகும், ஒரு நாள் நாக்கு புளிப்பு கேட்கும், சந்தேகம் தீரும். என் வீட்டில் அதற்கு வழியில்லை.

இப்போதும் சில நாள் அந்தக் கோட்டில் கைவைத்தபடி நான் நிற்பதைப் பார்த்துவிட்டு என் வீட்டுக்காரர் கேட்பார்:

"இன்னுமாளா சந்தேகம்?"

"தீர்த்துவைக்க ஒரு சாட்சி வந்திருக்கணும். அத வரவிடாமப் பண்ணினது நீங்கதான" என்பேன்.