ரோட்டை அடைக்கிறவர்

சாலைச் செய்தி வாசிக்கிறவனுக்குச் சாலையைப் பார்க்கக் கொடுத்துவைப்பதில்லை. ஜன்னல் இல்லாத ஓர் அறையில் உட்கார்ந்துதான் அவன் ஊரார் வண்டிகளைத் திருப்பி அனுப்புகிறான். மலாயாக் காடுகளில் கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த அவசரகாலத்தில், கோலாலம்பூர் வானொலி நிலையம் ஒன்றில், தமிழில் அந்த வேலை எனக்கு வாய்த்தது. காலையில் பாட்டு பாதியில் நின்று என் குரல் வந்ததும் நீங்கள் திட்டியிருப்பீர்கள். தடுப்புக் கட்டைக்குப் பின்னால் லாரியில் வெயிலில் காய்ந்தவர்களில் ஒருவராகவும் இருந்திருப்பீர்கள். உங்களோடு சேர்ந்து நானும் காய்ந்தேன் என்றால் நம்ப மாட்டீர்கள். என் தலைக்கு மேல் மின்விசிறி இருந்தது.

பெயர் சொல்லாத சாலைகள்

முதல் நாளே அதிகாரி ஒரு விதி சொன்னார். மூடிய சாலையின் பெயரை மட்டும் வாசிக்க வேண்டும். திறந்திருக்கும் சாலையைப் பற்றி மூச்சுவிடக் கூடாது. காட்டுக்குள் இருந்தவர்களிடமும் ரேடியோ இருந்தது. லாரிகள் எந்த வழியாக வரும் என்று நாமே அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஏன் மூடினார்கள், எப்போது திறப்பார்கள் என்பதும் கிடையாது.

இப்படி வாசித்தால் யாருக்கு என்ன புரியும் என்று எனக்குச் சந்தேகம். நிலையத்துக்கு எதிரே இருந்த சாப்பாட்டுக் கடையில் ஒரு நாள், சிரம்பான் பக்கத்திலிருந்து ரப்பர் ஏற்றிவரும் ஓட்டுநர் ஒருவர் என் குரலை அடையாளம் கண்டுகொண்டார். அவரிடமே கேட்டேன். தேநீரை ஆற்றிக்கொண்டே சொன்னார்: “இதுல என்னா சார் இருக்கு? நீங்க எந்த ரோட்டைச் சொல்லலியோ அதுல போவோம். நீங்க பேசுறதைவிட பேசாம வுட்டதைத்தான் நாங்க கவனமா கேக்குறோம்லா.”

குரங்குகளின் நேரம்

மந்தினிலிருந்து சிரம்பானுக்குப் போகும் மலைச்சாலை என் வாசிப்பில் அடிக்கடி வரும். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் காடு, நடுவில் வளைவுகள் என்று சொல்வார்கள். நான் பார்த்ததில்லை. ஒரு நாள் அதை மூடியதாக வாசித்துவிட்டு, என் குரல் அங்கே எட்டுகிறதா என்று அறிய மலையடிவாரக் காவல் சாவடிக்குத் தொலைபேசி போட்டேன். எடுத்தவர் தமிழ்க் காவலர். “நீங்களே கேளுங்க” என்று ரிசீவரை ஜன்னலுக்கு வெளியே நீட்டினார்.

ஒன்றும் கேட்கவில்லை. இணைப்பு போய்விட்டது என்றே நினைத்தேன். பிறகு மெல்ல, சில்வண்டுகளின் இரைச்சல். நான் வாசித்திருந்தது ஒரே ஒரு வாக்கியம். எத்தனையோ மைல் தொலைவில் ஒரு மலைச்சாலை ஓசையற்றுப் போயிருந்தது. காவலர் மறுபடி பேசினார்: “கேட்டீங்களா சார்? கடைசி லாரியும் திரும்பிப் போயிருச்சு. இப்ப ரோட்டுல குரங்குதான் குடும்பத்தோட நடந்துபோவுது.”

அஞ்சலையின் மனு

தோட்டங்களில் ஒலி தெளிவாகக் கேட்கிறதா என்று பார்த்துவர ஒருமுறை சிரம்பானுக்கு அருகே லாபுவில் ஒரு ரப்பர் தோட்டத்துக்கு அனுப்பினார்கள். வாசிப்பை ஒரு நண்பர் பார்த்துக்கொண்டார். அந்தத் தோட்டத்துக்கே ஒரு ரேடியோதான். தொழிலாளர் குடியிருந்த லயத்துக் கடைசியில் ஒரு கொட்டகை, அதில் பூட்டுப் போட்ட மரப்பெட்டி, சாவி ஆட்களை மேய்க்கும் மண்டோரிடம். பாட்டு ஓடும்போது எல்லோரும் அதற்கு மேல் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். சாலைச் செய்தி தொடங்கியது. ஒரு தாய் அழுத குழந்தையின் வாயைப் பொத்தினாள். லாரிக்காரர் எஞ்சினை நிறுத்தினார். கோயிலில்கூட அப்படி ஓர் அமைதியை நான் கண்டதில்லை.

முடிந்ததும் மண்டோர் என்னை யாரென்று சொல்லிவிட்டார். பால்வெட்டுக் கத்தியோடு ஓர் அம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். பெயர் அஞ்சலை. “நீங்கதானா ரோட்டை அடைக்கிறவரு?”

“நான் அடைக்கலேம்மா. வாசிக்கிறேன்.”

“நீங்க சொன்னா அடைபடுது. சொல்லலேன்னா தொறந்திருக்கு. அப்புறம் யாரு அடைக்கிறது?”

அங்கே இருந்த யாரும் சிரிக்கவில்லை. தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணிகூட என்னைக் கொஞ்சம் மரியாதையாகத்தான் பார்த்தார். அஞ்சலையின் மகளுக்கு மந்தினில் மாப்பிள்ளை. இரண்டு முறை நாள் வைத்து, இரண்டு முறையும் சாலை மூடி, மாப்பிள்ளை வீட்டு லாரி திரும்பிப் போயிருந்தது. அரிசிக்கெல்லாம் கட்டுப்பாடு இருந்த காலம். கல்யாணச் சோற்றுக்குத் துரையிடம் தனி அனுமதி வாங்க வேண்டும். மூன்றாம் முறையும் தடங்கல் வந்தால் வேறு பெண் பார்ப்போம் என்று மாப்பிள்ளையின் தாய்மாமன் சொல்லி அனுப்பிவிட்டார். அஞ்சலை ஒரு சீப்பு வாழைப்பழத்தை என் கையில் திணித்தார். “வர்ற வெள்ளிக்கிழமை காலையில முகூர்த்தம் தம்பி. மத்த ரோடெல்லாம் உங்க இஷ்டம். மந்தின் ரோட்டை மட்டும் வுட்டுருங்க.”

வெள்ளிக்கிழமை

வாசிக்கச் சிறிது நேரமே இருந்தபோது காவல் துறையிலிருந்து தொலைபேசி வந்தது. ஒரே ஒரு சாலை. மந்தின் மலைச்சாலை. ஏன் என்று கேட்டேன். அந்தப் பக்கம் வைத்துவிட்டார்கள்.

தோட்டத்துக் கிராணிக்குப் போட்டேன், யாரும் எடுக்கவில்லை. ஊரடங்கு முடிந்ததுமே மாப்பிள்ளை வீட்டார் கிளம்பியிருந்தால், இந்நேரம் லாரி வளைவுகளுக்கு நடுவில் இருக்கும். என் குரல் லாரிக்குள் கேட்காது. மணப்பெண்ணின் தோட்டத்தில் கேட்கும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த தொழில்நுட்பக்காரர் சேவியருக்கு வாழைப்பழக் கதை தெரியும். அதில் இரண்டைத் தின்றவர் அவர். விளக்கு எரிந்தது. வாசித்தேன். “மந்தின்” என்ற இடத்தில் குரல் தடுக்கியது. வெளியே வந்ததும் சேவியர் சொன்னார்: “ரெண்டு தடவை சொல்லிட்டீங்க சார். ஒரு தடவை அடைச்சாலே போதுமே.”

பந்தல்

மதிய ரயிலில் லாபுவுக்குப் போனேன். அந்த மலைச்சாலையில் காலையில் காட்டிலிருந்து வந்தவர்கள் ஒரு விறகு லாரியை மறித்து எரித்துவிட்டார்கள் என்று பெட்டியில் பேசிக்கொண்டார்கள். ஓட்டுநரை இறக்கிவிட்டார்களாம். லாரியில் வேறு யாராவது இருந்தார்களா என்பது யாருக்கும் தெரியவில்லை. ரயில் நிலையத்திலிருந்து தோட்டத்துக்கு நடந்தேன் என்று சொல்ல முடியாது, பாதி ஓட்டம்.

கொட்டகைக்கு முன் பந்தல். பந்தலுக்குள் கிராணி இலை போட்டுக்கொண்டிருந்தார். காலையிலிருந்தே அவர் அங்கேதான் இருந்திருக்கிறார், தொலைபேசி பக்கம் போகவே இல்லை. புதுத்தாலியோடு ஒரு பெண். அவள் பக்கத்தில் மாலை வாடிய மாப்பிள்ளை, சாம்பாரில் முருங்கைக்காய் தேடிக்கொண்டிருந்தான். நான் ஒரு பெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

தாய்மாமன் என்னிடம் வந்தார். பருத்த மனிதர். அஞ்சலை என்னிடம் மனு கொடுத்த செய்தி மந்தினுக்கு எட்டியதும் அவருக்குத் தூக்கம் போயிற்றாம். புதன்கிழமையே மாப்பிள்ளையையும் உறவுக்காரர்களையும் லாரியில் ஏற்றிக்கொண்டு மலையிறங்கி, சிரம்பானின் ரஹாங் பகுதியில் இருந்த ஒரு சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிட்டார். இன்று காலை அங்கிருந்து லாபுவுக்கு. விறகு லாரி எரிந்த செய்தி அவருக்கும் தெரிந்திருந்தது. “அந்தம்மா போயி நாள் கிழமையெல்லாம் உங்ககிட்டயே சொல்லிருச்சு. இனிமே நீங்க அடைக்காம இருப்பீங்களா? அதான் நீங்க வாயத் தொறக்கிறதுக்கு முன்னாடியே இறங்கிட்டோம்” என்றார். பிறகு என் கையைப் பிடித்து இழுத்துப்போய் ஓர் இலைக்கு முன் உட்காரவைத்தார்.

ரயிலுக்குக் கிளம்பும்போது அஞ்சலை லயத்து முனைவரை வந்தார். சாலை திறந்ததும் பெண்ணை மந்தினுக்கு அழைத்துப் போய்விடுவார்கள். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் பந்தல் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்: “அடைச்சது அடைச்சீங்க தம்பி. திங்கக்கிழமை வரைக்கும் அப்பிடியே இருக்கட்டுமே.”

மறுநாள் காலை எனக்கு வந்த செய்தியில் மந்தின் இல்லை. ஒரு சாலையைத் திறந்து ஒரு மகளை அனுப்பிவைக்க, அன்று நான் செய்ய வேண்டியிருந்ததெல்லாம் வாயை மூடிக்கொண்டிருப்பதுதான்.